ஒரே பட்டியல்

கனடாவின் வின்னிபெக் நகரில் தனியாக வாழும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சங்கத்துக்குக் கணினி நிரல் எழுதியவள் மார்னி. எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று படிவத்தில் எழுதாதவர்களுக்கு எதுவும் விலக்காத காலிப் பட்டியல் ஒன்றை நிரலே வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தாள். ஆளுக்கொரு புதுப் பட்டியல் என்று அவள் நினைக்க, நிரல் எல்லோருக்கும் சேர்த்து வைத்துக்கொண்டதோ ஒரே பட்டியல். அவர்களில் யார் யாரோ பின்னால் சொல்லிச் சேர்த்த ‘பால் ஆகாது’, ‘வேர்க்கடலை ஆகாது’ எல்லாம் அதிலேயே குவிந்து, மூன்று மாதமாக நாற்பது பேர் வெந்த உருளைக்கிழங்கையே தின்றிருக்கிறார்கள்.

இன்று காலை அதைத் திருத்தியும் மனசு ஆறவில்லை. ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டாள். கடைசியாக டெல்மர் கிழவர்.

"சார், என் தப்பாலதான் உங்களுக்கு ருசியா எதுவுமே வரலை. மன்னிச்சிடுங்க."

"அட, நீ வேற! வேர்க்கடலை பட்டாலே எனக்கு மூச்சு அடைச்சுக்கும். படிவத்துல எழுத மறந்துட்டேன். ஆனா நீங்க ஒருநாள்கூடப் போடலையா, எப்படியோ தெரிஞ்சிருக்குன்னு விட்டுட்டேன்."

மார்னி அவர் பெயருக்கான பட்டியலைத் திரையில் திறந்தாள்; காலையில் திருத்தியதில் அது காலியாகியிருந்தது. "இன்னிக்குச் சாப்பாடு...?"

"சாப்பிட்டுட்டேதான் பேசறேன். சாஸ் ஊத்தின கோழி, பிரமாதம்! நாக்குதான் என்னவோ தடிக்குது..."

பேச்சு நின்று இருமல் தொடங்கியது. மார்னி இன்னொரு தொலைபேசியில் ஆம்புலன்சை அழைத்தாள். அவர்கள் போய்க் கதவைத் தட்டும்வரை டெல்மரின் இருமல் நின்றுவிடக் கூடாதே என்று காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.