இல்லாத கட்டையைத் தாண்டிய ஆடுகள்

ஒரு ஆட்டு மந்தை தினமும் பட்டிக்குள் நுழையும்போது வாசலில் துள்ளித் தாண்டும். தாண்ட அங்கே ஒன்றுமே கிடையாது. நொண்டிக்குட்டி மட்டும் தாண்ட முடியாமல், நரி நடமாடும் வெளியிலேயே நின்று கத்தும்.

மரத்திலிருந்த காக்கைக்கு மண்டை குடைந்தது. குளத்தங்கரையிலிருந்த வயதான ஆமையிடம் போய்க் கேட்டது.

"முன்னே அங்க பனங்கட்டை கெடந்துச்சு. வெள்ளத்துல போயிருச்சு," என்றது ஆமை.

"போனப்புறமும் ஏன் அண்ணே தாண்டுதுங்க?"

"நடந்து முடிஞ்சதைக் கேளு, சொல்றேன். நடக்கிறதை நீதான் பாக்கணும்."

காக்கை பார்த்தது. மணி கட்டிய கிழ ஆடு முதலில் தாண்ட, மற்றவை அதைப் பார்த்துத் தாண்டின. காக்கை கிழ ஆட்டின் முதுகில் போய் உட்கார்ந்தது.

"பெரியம்மா, கட்டை போனது தெரியாதா?"

"தெரியும்டா. நான் தாண்டாம நடந்துபோனா, கிழவிக்கு வயசாயிருச்சுன்னு மணியை வேற ஆட்டுக்குக் கட்டிருவாங்க."

"பின்னால குட்டி நிக்குது."

கிழ ஆடு அன்றைக்குத்தான் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் அது நடந்தே போனது. மந்தையும் நடந்தது. நொண்டிக்குட்டி வாசலில் மண்ணை ஒருதரம் மோந்து பார்த்துவிட்டு உள்ளே போனது.