சரிக்குச் சரி

"யாரைக் கேட்டு மேடம் அந்தப் பொண்ணைக் கட்டிப் பிடிச்சீங்க?"

இயக்குநர் பத்திரிகையை மேஜைமேல் விரித்துப் போட்டார். முதல் பக்கத்திலேயே படம். விமானத்தின் படிக்கட்டடியில், வெளியுறவுத் துறையின் வரவேற்பு அதிகாரி, வந்திறங்கிய குழுவின் மொழிபெயர்ப்பாளரை இறுக அணைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பெண் மிரண்டுபோய் விழிக்கிறாள்.

"ஏதோ தோணிச்சு சார். சின்னப் பொண்ணு."

"உங்க சர்வீஸ்ல இதுக்கு முன்னால யாரையாவது தொட்டிருக்கீங்களா? கை குலுக்கினாலே விரல் நுனியோட சரி."

அவள் பத்திரிகையை மடித்து வைத்தாள்.

குட்டி நாடு. இரண்டு பக்கமும் இரண்டு பெரிய நாடுகள். ஒன்று எண்ணெய் தருகிறது, இன்னொன்று துறைமுகம் கட்டித் தருகிறது. இரண்டுக்கும் ஒன்றையொன்று ஆகாது. அலுவலகத்தில் மூத்த மாப்பிள்ளை, இளைய மாப்பிள்ளை என்றுதான் பேச்சு. ஒருவர் நாற்காலி மற்றவருடையதைவிட அரை விரற்கடை உயர்ந்தாலும் போச்சு. பூங்கொத்தில் பூவை எண்ணிப் பார்க்கிற இயக்குநருக்கு 'தராசு' என்று பட்டப்பெயர்.

"விடிஞ்சதும் மூத்த மாப்பிள்ளை வீட்டுத் தூதர் போன். இளையவருக்கு அணைப்பு, எங்களுக்கு வெறும் கைகுலுக்கலான்னு கேக்கறார். நாளைக்கு எண்ணெயை நிறுத்தினா ஊரே இருட்டு. என்ன பண்ணப் போறீங்க?"

"அடுத்த வாரம் அவங்க குழு வருதே சார். அவங்க மொழிபெயர்ப்பாளரையும் கட்டிப் பிடிச்சுட்டாப் போச்சு. சரிக்குச் சரி."

தராசு மோவாயைத் தடவினார்.

"அதே அளவு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நான் பக்கத்துலேயே நிப்பேன்."

"சரி சார்."

வெளியே வந்ததும் பக்கத்து மேஜைத் தோழி சீண்டினாள்.

"பெத்த பொண்ணைப் போய்ப் பாத்து ஏழு வருஷமாச்சு. இதுல யாரோ பெத்த பொண்ணு மேல பாசம் பொங்குதாக்கும்."

"எப்படிடி போறது? இந்த நாற்காலியில இருக்கறவரைக்கும் ரெண்டு மாப்பிள்ளை வீட்டு வாசலையும் சொந்த வேலையா மிதிக்கக் கூடாது. மூத்தவர் வீட்டுல அவளுக்கும் அரசாங்க உத்தியோகம். அங்கேயும் இதே சட்டம்தான்."

"போன்ல பேசறேல்ல, அப்புறமென்ன?"

"பேசறேன். போன்ல தலையைத் தடவிவிட முடியாதே."

தோழி தன் டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அடுத்த வாரம் விமானம் இறங்கியது. அமைச்சர் இறங்கினார். கைகுலுக்கல், பூங்கொத்து, எல்லாம் எண்ணியபடி. எதிரே இளைய மாப்பிள்ளை நாட்டுப் பத்திரிகைக்காரர் கேமராவோடு கண்கொத்திப் பாம்பாக நின்றிருந்தார்.

கடைசியாக, கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி மொழிபெயர்ப்பாளர் இறங்கினாள். இளம்பெண். முகத்தில் சலனமே இல்லை.

வரவேற்பு அதிகாரி ஓரடி முன்னால் வந்து கைகளை விரித்தாள். கையெட்டும் தூரத்தில் தராசு.

போன வாரம் முதுகோடு நின்ற கை, இன்று தலைக்குப் போனது. கோப்பு நழுவித் தரையில் விழுந்தது.

"இளைச்சுட்டேம்மா நீ."

மொழிபெயர்ப்பாளர்தான் சொன்னாள். நம் மொழியில், நம் வீட்டுப் பேச்சில். தராசு காதிலும் விழுந்தது.

வரவேற்பு அதிகாரி தானாகவே கையை எடுத்தாள். போன வாரத்து அளவு அவளுக்கு மனப்பாடம். ஒரு நொடிகூடக் கூட்டிக்கொள்ளவில்லை. குனிந்து கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, யாரோபோல் நகர்ந்து நின்றாள்.

தராசு பத்திரிகைக்காரரை ஒருமுறை பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

"குறையுது மேடம்," என்றார், கடிகாரமே கட்டாத தன் மணிக்கட்டைப் பார்த்தபடி. "இன்னொரு தடவை."