ஆலிம் வீட்டு மௌனம்

அந்த 1997ஆம் வருடக் குளிர்காலத்தில், ஜெர்சி சிட்டியில் என் மகன் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு போதகர் வந்தார். பார்த்தால் எகிப்துக்காரர் மாதிரி இருந்தார். எங்கள் கட்டடம் முழுக்க அரபுக்காரர்கள். வீடு வீடாகப் போய் அவர்களிடம் ஏசுவைப் பற்றி அரபியில் பேசுவது அவருடைய ஊழியம். என் தாடியையும் வெள்ளை ஜுப்பாவையும் பார்த்துவிட்டு என்னிடமும் அரபியில் பொழிந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, வாய் திறக்காமல் கேட்டேன்.

அவர் போனதும் மருமகள் சாலிஹா கிச்சனிலிருந்து வருவாள்.

"மாமா, நம்மளது மார்க்கம் படிச்ச ஆலிம் குடும்பம். நீங்க குர்ஆன் ஓதினா பக்கத்து ஃபிளாட் அரபுக்காரங்களே நின்னு கேக்குறாங்க. இவருக்கு நாலு வார்த்தை பதில் சொல்லக் கூடாதா?"

"வீடு தேடி வந்தவரோட வாதாடுறது நம்ம குடும்பத்துப் பழக்கமில்லம்மா."

"அப்படின்னா, தான் ஜெயிச்சிட்டதா அவர் நினைச்சுப்பாரே."

எனக்கும் அதுதான் எரிச்சல்.

அடுத்த வாரம் அவர் மனைவியையும் அழைத்து வந்தார். வெகுநேரம் பேசினார். நான் தலையைக்கூட அசைக்கவில்லை. கடைசியில் சலித்துப்போய் பைபிளை மூடிவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

"எழும்பும் மேர்சி, போவம். நான் சொன்னது ஒண்டும் இந்த அரபு ஐயாவுக்கு விளங்கேல்லை."

நல்ல யாழ்ப்பாணத் தமிழ்.

கிச்சனில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அரபி ஓத மட்டும்தான் தெரியும். இத்தனை வாரங்களில் அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.