இருபத்தெட்டு டிகிரி

"ஏசியை இருபத்தெட்டுல வைங்க தம்பி. எனக்குக் குளிர் சேராது" என்று துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார் நல்லகாமன். சிம்மக்கல்லில் அவர் புதிதாகக் கட்டியிருக்கும் கல்யாண மண்டபத்தின் ஆபீஸ் அறை. மேஜைமேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்து ஒயர்களைச் செருகிக்கொண்டிருந்தான் பாண்டிராஜ்.

"ஆமா, நீங்க இன்னும் இந்தத் தொழில்லதான் இருக்கீங்களா?"

"இதை விட்டா எனக்கு வேற என்ன அண்ணே தெரியும்?" பாண்டிராஜ் சிரித்தான். ஆரப்பாளையத்தில் அவனும் நண்பன் முத்துக்குமரனும் கூட்டாகக் கம்பெனி தொடங்கி ஐந்து வருடம். இந்த மண்டப வேலை கிடைத்தால்தான் ஆறாவது வருடம்.

நல்லகாமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாண்டிராஜ் விடவில்லை.

"இதுதான் கண்ட்ரோலர். என்ன செய்யணும்னு முன்னாடியே இதுல எழுதி வச்சிருவோம். பந்தி முடிஞ்சு சாப்பாட்டு ஹால் காலியானா ஏசியையும் லைட்டையும் தானே அணைச்சிரும். தொட்டியில தண்ணி குறைஞ்சா மோட்டாரைப் போடும்."

"ஹால் காலியானது அதுக்கு எப்படித் தெரியும்?"

"உடம்புச் சூட்டை வச்சுக் கண்டுபிடிக்கிற சென்சார் மேல இருக்கும். எப்ப ஆள் வந்தாக, ஏசி எத்தனைல ஓடுச்சு, அம்புட்டையும் பதிஞ்சு வச்சிரும். பொய் சொல்லத் தெரியாது. எங்க ஆபீஸ்லயே போன வாரம் ஒண்ணு மாட்டுனேன். முத்துக்கிட்டகூட இன்னும் சொல்லல. இங்க பாருங்க."

செல்போனை நீட்டினான்.

"இது ஞாயித்துக்கிழமை. லீவு. ஒண்ணுமே இருக்காது..." பேச்சு பாதியில் நின்றது. காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ஆள் இருந்ததாகத் திரை காட்டியது. ஆபீஸுக்கு இரண்டே சாவிதான். மற்றொன்றை வைத்திருக்கும் முத்துக்குமரன், அன்று மாமனார் ஊரான வாடிப்பட்டிக்குப் போவதாகச் சொல்லியிருந்தான்.

பாண்டிராஜின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களாண்ணே! ஊருக்குப் போறேன்னு என்கிட்டச் சொல்லிட்டு, லீவு நாள்லயும் உக்காந்து உங்க வேலைக்குப் பிளான் போட்டிருக்கான் பய!"

பெருமையோடு அடுத்த வரியைப் படித்தவன் நெற்றியைச் சுருக்கினான்.

"ஏசி இருபத்தெட்டுன்னு காட்டுது. அவன் பதினெட்டுக்கு மேல வச்சதே இல்லையே. நான்தான் புரோகிராம்ல எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் போல."

நல்லகாமன் துண்டை இறுக்கிக்கொண்டு தலைகுனிந்தார்.

"பெட்டி சரியாத்தான் சொல்லுது தம்பி. அன்னைக்கு இருபத்தெட்டுல வைக்கச் சொன்னது நான்தான். நீங்க தொழிலை விட்டுப் போயிட்டீங்கன்னு சொல்லி, அவரு புதுக் கம்பெனி பேருல என்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டாரு."