கடைசி வளைவு

"கெதியா வாங்க, நுவரெலியா இந்தா வந்திட்டுது!" முதுகுப் பையின் வாரை இழுத்துவிட்டபடி கத்தினாள் யூஜினி.

"நில்லு யூஜி, மூச்சு வாங்குது," என்றான் அவள் கணவன் மெரில்.

"கலியாணம் கட்டக்குள்ள என்னைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவன் எண்டீங்க. இப்ப உங்களைத் தூக்கோணும் போல!"

"என்னை விடு, என்ர பையையாவது தூக்கன்."

சிரித்தாள். கண்டியில் தொடங்கிய தேயிலை மலைப்பாதை இன்றோடு முடிகிறது. முடிந்ததும் வீடு திரும்பலாம் என்பது மெரிலின் வாக்கு. ஆனால் அவனோ இன்று அடிக்கடி நின்றான்.

"இன்னும் ஒரு வளைவுதான். ஏன் இழுக்கிறீங்க?"

"முடிஞ்சிரும் எண்டுதான்."

"முடிஞ்சா நல்லம்தானே?"

காற்று பலமாக இரைந்தது.

"யூஜி... லீவு இல்லையாம். இன்னும் ரெண்டு வருசம் நிக்கட்டாம்."

யூஜினி நின்றுவிட்டாள். கண்டக்குழிக் கடற்கரையில் அவளுக்கு முன்னால் மலை இல்லை. கரையேற்றிய வள்ளங்களும் தட்டையான மணலும்தான் கிடந்தன. காதிலிருந்த ஃபோனில் இரைந்தது அவன் வேலைசெய்யும் கட்டாரின் மொட்டைமாடிக் காற்று. அவன் அங்கேயும் அவள் இங்கேயும் நடந்த தூரத்தை, ஃபோனிலிருந்த மலைப்பாதை வரைபடத்தில் தினமும் சேர்த்தே குறித்துவந்தார்கள். அவன் வந்ததும் உண்மையாகவே ஏறுவதற்காகத்தான் பையில் மணல் நிரப்பிச் சுமந்து பழகினாள்.

"யூஜி, நிக்கிறியா?"

கண்களைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள்.

"நுவரெலியா சரியான குளிராம். இண்டைக்கு வேணாம். திரும்பிக் கண்டிக்கே இறங்குவம், மெதுவா வாங்க."