தொப்பியைக் கழற்றும் விளையாட்டு

ராணுவக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், நாலு மணி வெயில் படியேறி வந்து வாசலில் கிடக்கிறது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மா, கிண்ணமும் கையுமாக வந்து திறக்கிறாள். வெளியே அவளுடைய ஆறு வயது மகளும் எதிர்வீட்டு டிரைவரின் மகளும் விறைப்பாக நிற்கிறார்கள். எல்லைக்குப் போய் நாலு மாதமான அப்பாவின் பழைய தொப்பி, மகளுக்கு மூக்குவரை இறங்கியிருக்கிறது; மற்றவள் தலையில் டிரைவரின் தொப்பி. "என்ன சார், லீவு குடுத்துட்டாங்களா? டீ போடட்டுமா?" என்று சிரிக்கிறாள் அம்மா. அவர்கள் சிரிக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் தொப்பியைக் கழற்றி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறார்கள். "என்னடி விளையாட்டு இது?" என்கிறாள் அம்மா. "பேசக் கூடாதும்மா," என்று மகள் கிசுகிசுக்கிறாள். "கீழ்வீட்டு அத்தைகிட்ட வந்த ஆபீசருங்க ஒண்ணுமே பேசல. தொப்பியக் கழட்டினாங்க, அத்தை அப்படியே உக்காந்துட்டாங்க. நீயும் உக்காரணும்." கீழ்வீட்டில் பத்து நாளாக ரேடியோ பாடவில்லை. கிண்ணம் சரிந்து, பட்டாணிகள் ஒவ்வொன்றாகப் படியில் குதித்து இறங்கும் சத்தம் கேட்கிறது. கதவு நிலையைப் பிடித்தபடி அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். "அத்தையும் இப்படித்தாம்மா உக்காந்தாங்க," என்கிறாள் மகள், சந்தோஷமாக.