மலைவீட்டுப் பத்தியம்

டோலியை முற்றத்தில் இறக்கியபோது, சன்னலோரம் கட்டில் போட்டுப் புதுப்பாய் விரித்திருப்பதைச் சொரிமுத்து பார்த்தார். பக்கத்தில் சுடுதண்ணீர்ச் செம்பு, துப்புவதற்கு மணல் போட்ட மண்சட்டி. தம்பி பெண்டாட்டி வாசலிலேயே நிறுத்தி வைத்து ஏசுவாள் என்று நினைத்துக்கொண்டே மலையேறி வந்தவருக்கு அந்தப் புதுப்பாய்தான் பயத்தைக் கொடுத்தது.

"உள்ள வாங்க, அத்தான்," என்றாள் பேராச்சி. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

டோலி தூக்கி வந்தவர்களில் ஒருவனான முகம்மது மீரான் அவரைக் கைத்தாங்கலாகக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வெளியே போனான். அவன் மெல்லச் சொன்னது சன்னல் வழியே அவர் காதில் விழுந்தது. "ஏம்மா, உங்கள வீட்ட விட்டு வெரட்டுன மனுசனுக்கா இவ்வளவும் செய்யிதிய?"

"சயரோகம்னு தெரிஞ்சதும் பெத்த மவனுவளே படியேத்த மாட்டேங்கானுவ. வேற எங்கன போவாரு?"

அவள் சொன்னதில் பொய்யில்லை. பெண்டாட்டி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். டாக்டர் மலைக்காற்று என்று வாயெடுத்ததுமே மகன்கள் டோலிக்கு ஆள் பார்த்துவிட்டார்கள்.

முன்பொரு காலத்தில் அவரும் அப்படித்தான் செய்தார். தம்பி பரமசிவன் இதே நோயில் இரத்தம் கக்கியபோது, புருஷன் பெண்டாட்டி இருவரையும் தென்காசி வீட்டிலிருந்து கிளப்பி, செண்பகாதேவி அருவிக்கு மேலே கிராம்புத் தோட்டத்தில் இருந்த இந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பிறகு ஒரு தடவைகூட மலையேறவில்லை. தம்பி செத்த செய்தி வந்தபோது மழையைச் சாக்குச் சொல்லி இருந்துகொண்டார். தம்பியின் வயல்களை மட்டும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். பேராச்சியே கொள்ளி வைத்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டார்.

வயல் போனவளுக்கு மிஞ்சியது இந்த வீடுதான். உப்புச் சத்தியாக்கிரக வருஷத்தில் அடித்த காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. யானை வந்து பின்சுவரைத் தள்ளிவிட்டது. கிராம்பு மரங்கள் நோய் கண்டு பட்டுப்போயின. ராயகிரியிலிருந்து கூடப்பிறந்தவர்கள் வந்து கூப்பிட்டும் அவள் இறங்கவில்லை. மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பினாள். மலைப்புல் அறுத்து அவளே கூரை வேய்ந்தாள்.

"தனியாக் கெடந்து இத எதுக்கு இப்படிக் காப்பாத்திக்கிட்டு இருக்க?" என்று ஒருநாள் கேட்டார்.

"வீடு விழுந்துட்டா நடந்ததெல்லாம் எல்லாரும் மறந்துருவாவ," என்றாள்.

அன்றிலிருந்து கஞ்சியைக் கண்டாலே அவருக்கு விஷமோ என்று சந்தேகம் வந்தது. "நீ மொதல்ல ஒரு வாய் குடி," என்றார். அவள் தன் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துக் காட்டினாள். தினமும் அப்படியே குடித்துக் காட்டினாள். கடைசியில் அவருக்கே வெட்கமாகிப்போய்க் கேட்பதை விட்டார்.

ஆட்டுப்பால், மலைத்தேன், தூதுவளை ரசம் என்று பத்தியம் ஒருநாள் தவறவில்லை. சாரல் இறங்கியபோது கட்டிலை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போட்டாள். இருமல் மட்டுப்பட்டது. ஆனால் அவர் கண் ஒற்றையடிப் பாதையிலேயே இருந்தது.

"பயலுவ யாராச்சும் வாரானுவளா பாரு."

"வழியெல்லாம் அட்டை. மழை விடட்டும்னு இருப்பானுவ."

ஆடியில் அரிசி, உப்பு வாங்க அவள் இரண்டு தடவை தென்காசிக்கு இறங்கினாள். முதல் தடவை திரும்பி வந்தபோது தலைமயிர் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"மழை இல்லியே, எப்படி நனைஞ்ச?"

"அருவில குளிச்சிட்டு வாரேன்."

இரண்டாம் தடவை போய்வந்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை. "வீட்டுக்குப் போனியா? மவனுவளப் பாத்தியா? என்னயப் பத்திக் கேட்டானுவளா?"

"பாத்தேன். வீடு நெறைய ஆளு. எல்லாருக்கும் உங்க பேச்சுதான்."

பேராச்சி பதில் சொன்ன விதத்தில் அவர் மனம் குளிர்ந்துபோனது. அன்றிரவு இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார்.

புரட்டாசியில் அவர் யார் துணையும் இல்லாமல் அருவிவரை நடந்துபோய்த் திரும்பினார். மூச்சு வாங்கவில்லை. முற்றத்தில் பேராச்சி கூரைக்குப் புல்லைக் கட்டுக்கட்டாக முடிந்துகொண்டிருந்தாள். அவள் எதிரே தரையில் உட்கார்ந்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"தம்பிக்கும் ஒனக்கும் நான் செஞ்சது பெரும்பாவம். நீ என்னயச் சாவ விட்டிருக்கலாம். நாளைக்குக் கீழ எறங்குதேன், பேராச்சி. மொத வேலையா ஒன் வயல ஒனக்கே எழுதிக் குடுத்துருதேன்."

அவள் தலை நிமிரவில்லை. "வயலு இப்ப உங்க கையில இல்ல, அத்தான். மவனுவ ஆளுக்கொரு பங்கா வெச்சிக்கிட்டானுவ."

"நான் உசுரோட இருக்கையிலயா?" அவர் எழுந்துவிட்டார். "எவன் குடுத்த துணிச்சல் அது?"

பேராச்சி கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நீங்க செத்துட்டியன்னு ஆடியில நான்தான் போயிச் சொன்னேன். ஒருத்தனும் ஏறி வந்து பாக்கல. உங்க கருமாதிச் சோறு மட்டும் வயிறாரப் போட்டானுவ."